டர்போ காருக்கு 95 ஆக்டேன் தேவையா? பங்க்ல கொடுக்கிற கூடுதல் 8 ரூபாயோட கணக்கு

வருமான வரி ஃபைல் பண்ண வர்றவங்க கிட்ட இப்போ ஒரு புதுக் கேள்வி அதிகமா வருது. "சார், டர்போ கார் எடுத்திருக்கேன். சாதாரண பெட்ரோல் போடலாமா, இல்ல அந்த 95 போடணுமா?" மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டியதை ஆடிட்டர்கிட்ட ஏன் கேட்கிறாங்கன்னு முதல்ல தோணலாம். ஆனா இது இன்ஜின் கேள்வி மட்டும் இல்ல. மாசாமாசம் உங்க பாக்கெட்ல இருந்து போற பணத்தோட கேள்வி. அதனால இன்னைக்கு இன்ஜினையும் பார்ப்போம், பில்லையும் பார்ப்போம்.

நம்ம ஊர் ரோட்ல திடீர்னு இவ்வளவு டர்போ எப்படி?

பதில் பாதி இன்ஜின்ல இருக்கு, பாதி வரியில இருக்கு. பெட்ரோல் கார்ல இன்ஜின் 1200 சிசிக்கு மேல போகக்கூடாது, நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த ரெண்டும் இருந்தா அது சின்ன கார். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி இதுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, மேல ஒரு சதவீதம் செஸ். அன்னைக்கு இருந்து 18 சதவீதம் மட்டும். இந்த எல்லையைத் தாண்டின பெட்ரோல் காருக்கு 40 சதவீதம்.

அப்போ கம்பெனிக்காரங்க என்ன செய்வாங்க? இன்ஜினை 1200 சிசிக்குள்ள வச்சுக்கிட்டு, சக்தியை மட்டும் கூட்ட வழி தேடுவாங்க. அந்த வழிதான் டர்போ. டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஹூண்டாய் வென்யூ டர்போ எல்லாமே இந்தக் கோட்டுக்குள்ள நிக்கிற கார்கள்தான்.

ஒரே கார்ல ரெண்டு இன்ஜினையும் வச்சுப் பார்த்தா வித்தியாசம் நல்லா புரியும். மாருதி ஃப்ரான்க்ஸ்ல டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் 113 நியூட்டன் மீட்டர் இழுவிசை தருது, அதுவும் 4,400 சுற்றுல. அதைவிடச் சின்னதான 1.0 லிட்டர் டர்போ 2,000 சுற்றுலேயே 147.6 நியூட்டன் மீட்டர் தந்துடுது. சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல கியரைக் குறைக்காமலே கார் ஏறுதுன்னு டர்போ வச்சிருக்கவங்க சொல்றது இதனாலதான்.

ஆக்டேன்னா என்ன?

பலபேர் நினைக்கிறது: ஆக்டேன் நம்பர் அதிகம்னா பெட்ரோல்ல சக்தி அதிகம். இது தப்பு. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: ஆக்டேன்ங்கிறது பெட்ரோலோட சக்தி இல்ல, அதோட பொறுமை. அழுத்தத்தையும் சூட்டையும் எவ்வளவு தூரம் தாங்கும், பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடி தானா பத்திக்காம எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கான அளவு அது.

டர்போ என்ன செய்யுதுன்னு பாருங்க. சைலன்சர் வழியா வீணாப் போற புகையை வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்த விடுது. அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காற்று அதிகம், அதனால பெட்ரோலும் அதிகமா எரியும், சக்தியும் அதிகம். ஆனா சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும், காற்றை அமுக்கினா சூடாகும். இன்டர்கூலர் வழியா கொஞ்சம் குளிரவச்சுதான் உள்ள அனுப்புறாங்க. இருந்தாலும் சாதாரண இன்ஜினைவிட டர்போ சிலிண்டருக்குள்ள அழுத்தமும் அதிகம், சூடும் அதிகம்.

அந்தச் சூட்டுல பெட்ரோல் பொறுமை இழந்தா? பிளக் மூட்டின தீ ஒரு பக்கத்துல இருந்து பரவிக்கிட்டு இருக்கும்போதே, மறுபக்கம் மிச்சமிருக்கிற கலவை தானாவே டப்புன்னு வெடிக்கும். இதைத்தான் நாக்கிங்னு சொல்றாங்க. டின்னுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி சத்தம் வரும். நம்ம மெக்கானிக்குகள் பாஷையில "இன்ஜின் தட்டுது". தொடர்ந்து தட்டினா பிஸ்டன் அடி வாங்கும். அதுக்கு வர்ற பில் ஆயிரத்துல நிக்காது.

இந்தக் காலத்து கார்கள் இதை நடக்க விடாது. நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டதுமே இன்ஜின் கம்ப்யூட்டர் பொறி விடுற நேரத்தைத் தள்ளிப்போடும், தேவைப்பட்டா டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். இன்ஜின் பிழைச்சுக்கும், ஆனா அந்த நேரத்துக்கு இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அதிக ஆக்டேன் பெட்ரோல் செய்யக்கூடிய வேலை இந்த இழப்பைத் தடுக்கிறதுதான். அது கொடுக்கிறது இல்ல, விட்டதைத் திருப்பித் தருது. இழப்பே இல்லாத இன்ஜின்ல திருப்பித் தர எதுவும் இல்ல.

வரலாற்றுல இதுக்கு அருமையான உதாரணம் இருக்கு. 1940-ல பிரிட்டன் மேல ஜெர்மன் விமானங்கள் தாக்குதல் நடத்தினப்போ, ஸ்பிட்ஃபயர் விமானத்துல இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினுக்கு 87 ஆக்டேன்ல இருந்து 100 ஆக்டேனுக்கு மாறினாங்க. அதுல டர்போவுக்கு அண்ணன் முறையான சூப்பர்சார்ஜர் இருந்தது. பெட்ரோல் மாத்தினதோட நிக்காம, சூப்பர்சார்ஜர் அழுத்தத்தோட உச்சத்தையும் 6 பவுண்ட்ல இருந்து 12 பவுண்டுக்கு ஏத்தினாங்க. சக்தி வந்தது அழுத்தத்தை ஏத்தினதால. அதுக்கு அனுமதி கொடுத்தது மட்டும்தான் 100 ஆக்டேன். அழுத்தத்தை ஏத்தாம பெட்ரோலை மட்டும் மாத்தியிருந்தா விமானத்துக்குப் பெரிசா எந்தப் பலனும் இருந்திருக்காது. உங்க காருக்கும் இதே கதைதான். அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கிற மாதிரி உங்க இன்ஜின் கம்ப்யூட்டரை கம்பெனி அமைச்சிருக்கா? கேட்க வேண்டிய கேள்வி அது ஒண்ணுதான்.

நம்ம பங்க்ல இருக்கிறது எத்தனை ஆக்டேன்?

இங்கதான் நிறையப் பேர் பழைய தகவலை வச்சுக்கிட்டு பணம் கொடுக்கிறாங்க. மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல கொடுத்த விளக்கத்துல தெளிவாச் சொல்லியிருக்கு: முன்னாடி சாதாரண பெட்ரோல் 88 ஆக்டேன், பிஎஸ்6 வந்தப்போ 91, இப்போ 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 95.

எத்தனால் நம்ம மாவட்டத்துக்கு அந்நியமான சங்கதி இல்ல. பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் நம்மது. கரும்பு, மொலாசஸ், சாராய ஆவின்னு போற அதே வழியில வர்ற சரக்குதான் எத்தனால். அதோட ஆக்டேன் நம்பர் அமைச்சகக் கணக்குப்படி 108.5. அதைக் கலந்தா மொத்தக் கலவையோட பொறுமையும் கூடும். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கிற குணமும் அதுக்கு உண்டு. டர்போவுக்கு அது நல்லது.

அப்போ இ20 போட்டா மைலேஜ் கூடணுமே, ஏன் குறையுதுன்னு நீங்க கேட்பீங்க. சரியான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிற வெப்ப சக்தியைவிட ஒரு லிட்டர் எத்தனால்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தா லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் வெப்பம் குறையும். நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதைச் சொல்லுது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைச்சு இ10-க்கு டியூன் பண்ணின பழைய நாலு சக்கர வண்டிக்கு 6–7 சதவீதம் மைலேஜ் குறையும், இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு டியூன் பண்ணின வண்டிக்கு 1–2 சதவீதம்தான் குறையும்.

கவனிச்சீங்களா? ஆக்டேன் ஏறுது, மைலேஜ் இறங்குது. ஆக்டேன் வேற, சக்தி வேறங்கிறதுக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். உங்க பில்லே சாட்சி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். அமெரிக்க வீடியோக்கள்ல 87, 93-ன்னு சொல்றதைக் கேட்டு, "அங்கேயே 87 போடுறாங்க, நமக்கு 95 எதுக்கு"ன்னு நினைக்காதீங்க. அவங்க அளக்கிற முறை வேற. அங்க 87-ன்னா நம்ம அளவுல சுமார் 91–92.

இப்போ ரூபாய் கணக்கு

பங்க்ல பிரீமியம்னு விக்கிறதுல ரெண்டு ரகம். இந்தியன் ஆயிலோட எக்ஸ்பி95, ஹெச்பியோட பவர்95 மாதிரி 95 ஆக்டேன் ரகம் ஒண்ணு. 100 ஆக்டேன் ரகம் இன்னொண்ணு. இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ 2020 டிசம்பர்ல அறிமுகப்படுத்தினப்போ டெல்லியில லிட்டர் 160 ரூபாய். அப்போ அங்க சாதாரண பெட்ரோலோட விலை அதுல பாதிதான்.

விலை அடிக்கடி மாறும். அதனால கணக்குக்காக சாதாரணம் 102 ரூபாய், 95 பிரீமியம் 110 ரூபாய்னு வச்சுக்குவோம். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கலாம். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருது, வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுது.

சாதாரண பெட்ரோல்: கிலோமீட்டருக்கு 6.80 ரூபாய். வருஷத்துக்கு 81,600.

பிரீமியம், மைலேஜ் கூடலைன்னா: கிலோமீட்டருக்கு 7.33 ரூபாய். வருஷத்துக்கு 88,000.

வித்தியாசம் 6,400 ரூபாய்.

விலை கிட்டத்தட்ட 8 சதவீதம் அதிகம். அப்போ போட்ட காசு திரும்ப வரணும்னா மைலேஜும் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடணும். 15 தர்ற கார் 16.2 தரணும். தருமா?

அமெரிக்காவுல ஏஏஏ-ன்னு ஒரு வாகன ஓட்டிகள் சங்கம் 2017-ல இதை அளந்து பார்த்தது. அவங்க எடுத்துக்கிட்டது பிரீமியம் போடச் சொல்லி கம்பெனியே பரிந்துரைக்கிற, ஆனா கட்டாயம்னு சொல்லாத கார்கள். அதுலயே சராசரியா மைலேஜ் 2.7 சதவீதம், குதிரைசக்தி 1.4 சதவீதம்தான் கூடுச்சு. ஒரு கார்ல 7 சதவீதம் வரை மைலேஜ் கூடியிருக்கு, ஒரு கார்ல ஒரு சதவீதம் குறைஞ்சும் இருக்கு. அந்த 2.7-ஐ நம்ம காருக்குப் போட்டா கிலோமீட்டருக்கு 7.14 ரூபாய். அப்பவும் வருஷத்துக்கு சுமார் 4,100 ரூபாய் கையைக் கடிக்குது.

100 ஆக்டேனை 160 ரூபாய்க்கு வாங்கினா? போட்ட காசு திரும்ப வர லிட்டருக்கு 23.5 கிலோமீட்டர் தரணும். 15 தர்ற எந்தக் காரும் பெட்ரோல் மாத்தினதால 23 தராது.

வரியையும் சேர்த்துப் பார்த்துடுங்க. பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல. பிராண்ட் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி சாதாரண பெட்ரோலைவிடக் கொஞ்சம் அதிகம். அதுக்கு மேல தமிழ்நாட்டு வாட் வரியில ஒரு பகுதி சதவீதக் கணக்குல வர்றதால, விலை கூடினா வரியும் கூடும். ஆக நீங்க கொடுக்கிற கூடுதல் 8 ரூபாய் முழுக்க நல்ல பெட்ரோலுக்குப் போகல, அதுல ஒரு பங்கு வரிக்கும் போகுது.

"நான் தொழில் பண்றேன், செலவுல எழுதிக்குவேன்"னு சிலர் சொல்வாங்க. 30 சதவீத வரி வரம்புல இருக்கிறவர் 100 ரூபாய் செலவு காட்டினா மிச்சமாகிறது 30 ரூபாய்தான். 70 ரூபாய் போனது போனதுதான். உத்தேச வருமான முறையில கணக்கு காட்டுறவங்களுக்கு அந்த 30-ம் கிடையாது, பெட்ரோல் பில்லைத் தனியாக் கழிக்க முடியாது.

அந்த 6,400 ரூபாயை மாசம் 533 ரூபாயா எஸ்ஐபியில போட்டு, வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ச்சின்னு ஒரு அனுமானம் வச்சா, 10 வருஷத்துல சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். 10 சதவீதம் உத்தரவாதம் இல்ல, கூடலாம் குறையலாம். ஆனா பங்க்ல கொடுத்த 8 ரூபாய் திரும்ப வராதுங்கிறது மட்டும் உத்தரவாதம்.

அப்போ யார் போடணும், யார் போட வேண்டாம்?

டர்போ இல்லாத சாதாரண கார்: வேண்டவே வேண்டாம். சின்ன காருக்கு 100 ஆக்டேன் போடுறது, தலைவலிக்கு ஆபரேஷன் பண்ற மாதிரி.

இந்தியாவுல விக்கிற பெரும்பாலான டர்போ கார்: பெட்ரோல் மூடியோட உள்பக்கமும் ஓனர் மேனுவலும் பாருங்க. 91-ன்னு இருந்தா, கம்பெனி அந்த பெட்ரோலை நம்பித்தான் இன்ஜினை டியூன் பண்ணியிருக்கு. இப்போ பங்க்ல வர்ற இ20 அதைவிட அதிக ஆக்டேன். 95 பிரீமியத்துக்கும் அதுக்கும் ஆக்டேன்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. மிச்சமிருக்கிறது இன்ஜினைச் சுத்தம் பண்ற சேர்மானங்கள் மட்டும். அதுக்கு 8 ரூபாய் தகுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

மூடியில 95-ன்னு குறிச்சிருக்கிற கார்: சில ஐரோப்பிய கார்கள்ல இப்படி இருக்கும். அதை மதிச்சு நடங்க. இங்க 8 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்ச ரூபாய் இன்ஜினைப் பணயம் வைக்கக்கூடாது. 'கட்டாயம்'னு இருக்கா, 'பரிந்துரை'ன்னு இருக்கான்னு மட்டும் நல்லாப் படிங்க.

ரீமேப் பண்ணின கார்: டர்போ அழுத்தத்தை ஏத்தி சக்தியைக் கூட்டினவங்களுக்கு அதிக ஆக்டேன் ஆடம்பரம் இல்ல, அவசியம். மெர்லின் இன்ஜின் கதைதான். ஆனா வாரண்டி போகும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாற்றம் பண்ணியிருந்தா கிளெய்ம்ல சிக்கல் வரும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

இன்னொரு சூழ்நிலையும் இருக்கு. சித்திரை வெயில், ஏசி ஓடுது, அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க, ஒகேனக்கல்ல இருந்து பென்னாகரம் மலைரோடு ஏறுறீங்க. இல்ல வத்தல்மலை கொண்டை ஊசி வளைவு. இன்ஜின்ல இருந்து கலகலன்னு சத்தம் வருது. டர்போ நாக்கிங்குக்கு இதுதான் உச்சகட்ட சோதனை. உடனே செய்ய வேண்டியது, கியரைக் குறைச்சு சுற்றைக் கூட்டுறது. குறைஞ்ச சுற்றுல, பெரிய கியர்ல, ஆக்சிலேட்டரை அழுத்தி ஏத்துறதுதான் சின்ன டர்போ இன்ஜினுக்கு ஆகாத பழக்கம். அப்படி ஓட்டும்போது பொறி விடுறதுக்கு முன்னாடியே கலவை பத்திக்கிற ஒரு கோளாறு வரும். அதுக்கு பெட்ரோலைவிட இன்ஜின் ஆயில்தான் முக்கியம். மேனுவல்ல சொன்ன தரத்துல ஆயில் ஊத்துங்க. ஏபிஐ எஸ்பி தரம் 2020-ல வந்ததுக்கு இந்தக் கோளாறைத் தடுக்கிறதும் ஒரு காரணம். அப்பவும் சத்தம் நிக்கலைன்னா சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க. பிரீமியம் போட்டு சத்தத்தை மூடி மறைக்காதீங்க.

யார் சொன்னதையும் நம்பாதீங்க, நீங்களே அளங்க

என் கணக்கையும் நம்ப வேண்டாம். உங்க காருக்கு உங்க பில்தான் ஆதாரம்.

1. ஒரே பங்க், ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுங்க, மேல மேல ஊத்தச் சொல்லாதீங்க.

2. கார்ல காட்டுற மைலேஜை விட்டுடுங்க. ஓடின கிலோமீட்டரை, மறுபடி ஃபுல் பண்ண ஆன லிட்டரால வகுங்க.

3. சாதாரணத்துல மூணு டேங்க், பிரீமியத்துல நாலு டேங்க். பிரீமியத்தோட முதல் டேங்கைக் கணக்குல சேர்க்காதீங்க. பழைய பெட்ரோல் கலந்திருக்கும், கம்ப்யூட்டரும் பழகணும்.

4. போக வர ரெண்டையும் சேருங்க. தர்மபுரியில இருந்து சேலம் போறது இறக்கம், திரும்பி வர்றது ஏத்தம். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தா கணக்கு பொய் சொல்லும்.

5. டயர் காற்று ரெண்டு தடவையும் ஒரே அளவு இருக்கட்டும். அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குப்படி ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். அஞ்சு பிஎஸ்ஐ குறைஞ்சா ஒரு சதவீதம். பல பங்க்ல காற்று இலவசம்தான், மறந்துடாதீங்க.

6. கடைசியா ஒரே ஒரு வகுத்தல்: லிட்டர் விலையை மைலேஜால வகுங்க. கிலோமீட்டருக்கு எது குறைவோ அதுதான் உங்க காருக்கு நல்ல பெட்ரோல்.

மைலேஜ் 8 சதவீதத்துக்கு மேல கூடுச்சுன்னா தாராளமா பிரீமியம் போடுங்க, நான் தடுக்கல. கூடலைன்னா, "ஓட்ட ஸ்மூத்தா இருக்கு சார்"னு மனசு சொல்றதுக்கு வருஷம் 6,400 கொடுக்கிறீங்கன்னு தெரிஞ்சு கொடுங்க. ஆசைப்பட்டுச் செலவு பண்றது தப்பில்ல. அதை சேமிப்புன்னு நினைச்சு பண்றதுதான் தப்பு.

இந்த வாரம் காரை எடுக்கும்போது முதல் வேலையா பெட்ரோல் மூடியைத் திறந்து அங்க எழுதியிருக்கிற நம்பரைப் படிங்க. பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி அங்கேயே முடிஞ்சிடும்.